விதையைக் கொன்றது யார்?



ஆண்டு மலர் என்றாலே நமக்குக் கவிதை வேண்டும், கடி ஜோக் வேண்டும், பிரிவு உபசாரக் கண்ணீர் வேண்டும். அதையெல்லாம் எழுத நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது கெட்டுப்போன சில பாட்டில்களைப் பற்றி. ‘இதையெல்லாமா மலரில் போடுவார்கள்?’ என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். இறுதியாண்டு புராஜெக்ட் செய்யப்போகும் ஒவ்வொருவருக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது.

என் சொந்த ஊர் விஸ்வநத்தம். சிவகாசியை ஒட்டியே இருக்கிறது. எங்கள் வீட்டில் அம்மாவுக்குப் பட்டாசு ஆபீஸ் வேலை. தாத்தாவுக்குக் கரிசல் காடு ஒரு ஏக்கர், அதில் பருத்தி. தீபாவளி முடிந்த மறுநாள் எங்கள் தெருவைப் பார்க்கவேண்டும்! சிவப்புக் காகிதம் மழையில் நனைந்து, சாக்கடை ஓரமெல்லாம் ஒட்டிக்கிடக்கும். அதை வைத்துத்தான் வருஷா வருஷம் எங்கள் வீட்டில் ஒரு சண்டை நடக்கும்.

“இந்தச் சாம்பத் தண்ணி காட்டுக்குள்ள வந்தா வெதை எங்குட்டு மொளைக்கும்? எல்லாத்தையும் கொன்னுபோடும்” என்பார் தாத்தா.

“ஆமா, இந்தச் சாம்பல்தான் ஒங்க பேரனப் படிக்க வைக்குது” என்பார் அம்மா.

இரண்டு பேரும் சொல்வதில் எது சரி? கெமிக்கல் டிபார்ட்மென்டில் படிக்கிறோமே, நாமே செய்து பார்த்தால் என்ன என்று தோன்றியது. நண்பர்கள் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டேன். நாலு பேர் குழு. தலைப்பும் கிடைத்தது: ‘பட்டாசுச் சாம்பல் நீரில் பருத்தி விதையின் முளைப்பு’.

மண்ணுக்குப் பதில் அகர்

மண்ணில் விதைத்தால் உள்ளே வேர் எப்படிப் போகிறது என்று தெரியாது. தெரிந்துகொள்ளப் பிடுங்கினால் வேர் அறுந்துவிடும். அதனால் கண்ணாடி பாட்டிலில் அகர் ஊற்றி, அதன்மேல் விதையை வைப்பது என்று முடிவு செய்தோம். வேரின் நீளத்தை வெளியிலிருந்தே ஸ்கேல் வைத்து அளந்துவிடலாம்.

அகர் ஏதோ வெளிநாட்டு ரசாயனம் என்று நினைக்கவேண்டாம். மளிகைக் கடையில் ‘சைனா கிராஸ்’ என்றும் ‘கடல்பாசி’ என்றும் கேட்டு வாங்கி நோன்புக் காலத்தில் இனிப்புச் செய்கிறார்களே, அதுதான். ராமேஸ்வரம், மண்டபம் பக்கத்துக் கடலில் பெண்கள் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் மதுரைப் பக்கத்து ஆலைகளில் அகராக மாறுகின்றன. நம் லேப் மேஜையில் இருக்கும் அந்த வெள்ளைப் பொடிக்குப் பின்னால் நம் மாவட்டத்துக்குப் பக்கத்துக் கடலோரத்துப் பெண்களின் உழைப்பு இருக்கிறது.

அகரை ஆய்வகத்துக்குள் கொண்டுவந்ததும் ஒரு பெண்தான். ஜெர்மனியில் ராபர்ட் காக்கின் ஆய்வகத்தில் வால்தர் ஹெஸ்ஸே என்ற மருத்துவர் பாக்டீரியாவை ஜெலட்டினில் வளர்க்க முயன்றுகொண்டிருந்தார். வெயில் காலத்தில் ஜெலட்டின் இளகிவிடும். சில பாக்டீரியா அதையே தின்று தண்ணீராக்கிவிடும். 1881ல் அவர் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே, ‘ஜாமும் ஜெல்லியும் செய்ய நான் போடும் அகரைப் போட்டுப் பாருங்கள்’ என்றார். ஜாவாவில் இருந்து வந்த ஒரு குடும்பத்திடம் அவர் கற்றுக்கொண்ட சமையல் ரகசியம் அது. அகர் இளக 85 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். திரும்ப உறைவதோ 40 டிகிரிக்குக் கீழே. நம் ஊர் வெயிலுக்குக்கூட அசையாது. 1882ல் காசநோய்க் கிருமியைப் பற்றி காக் எழுதிய கட்டுரையில் அகர் என்ற சொல் இருந்தது. அந்த அம்மாவின் பெயர் இல்லை!

இந்தக் கதையில் நமக்கு ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. பாக்டீரியா வளர்வதற்கென்றே தேடிக் கண்டுபிடித்த படுக்கை இது. அதில் நாம் விதையை மட்டும் வளர்க்கப் பார்க்கிறோம். விதை முளைக்க மூன்று நாள் ஆகும். பாக்டீரியாவோ நல்ல சூட்டில் அரை மணிக்கு ஒரு தடவை இரண்டாகும். பந்தயத்தில் யார் ஜெயிப்பார்கள் என்று சொல்லவும் வேண்டுமா?

முதல் சுற்று: எல்லாம் நாற்றம்

முதல் தடவை நாங்கள் செய்ததை ஒளிக்காமல் சொல்கிறேன். அகரைப் பாத்திரத்தில் போட்டுக் கொதிக்க வைத்தோம். பருத்தி விதையைக் குழாய்த் தண்ணீரில் இரண்டு தடவை அலசினோம். சீக்கிரம் வளரட்டும் என்று அகரில் சர்க்கரையும் போட்டோம். தெருவில் அள்ளிய சாம்பலைத் தண்ணீரில் ஊறவைத்து, வடிதாளில் வடிகட்டி, கொதித்து ஆறிய அகரில் கலந்தோம். சாம்பல் போடாத பாட்டில்களில் அதே அளவு வெந்நீர் கலந்தோம். தலைக்குமேல் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. நாலு பேரும் முதல் நாள் பார்த்த சினிமாவைப் பற்றிப் பேசிக்கொண்டே விதை வைத்தோம்.

இரண்டாம் நாள் காலை லேப் கதவைத் திறந்தபோதே வாடை அடித்தது. சாம்பல் பாட்டில்கள் இருபதிலும் விதையைச் சுற்றிப் பால் மாதிரி ஒரு வளையம். தொட்டால் கஞ்சி மாதிரி வழவழப்பு. நாலாம் நாள் விதை அழுகிக் கூழாகிவிட்டது. சாம்பல் போடாத இருபதில் பதினொன்று அழுகியிருந்தது, ஒன்பது முளைத்தது.

எங்கள் குழுவில் ஒருவனுக்கு ஒரே குஷி. “மாப்ளே, ரிசல்ட் வந்துருச்சுடா! சாம்பல்ல நூத்துக்கு நூறு சாவு. பட்டாசுச் சாம்பல் விதையைக் கொல்லும்னு கன்குளூஷன் எழுது. பேப்பர்லகூடப் போடுவாங்க!”

“அப்ப மத்தப் பாட்டில்ல அழுகின பதினொன்னு?”

“அதக் கணக்குல சேக்காதடா. மொளைச்ச ஒன்பத மட்டும் போட்டோ எடு.”

நண்பர்களே, நானும் தலையாட்டினேன். இன்னும் இரண்டு வாரத்தில் ரிவ்யூ இருந்தது. ரெக்கார்டு நோட்டில் பென்சிலால் முடிவும் எழுதிவிட்டேன். அன்று இரவு வீட்டில் பெருமையாகச் சொன்னபோது தாத்தா, “நான்தான் சொன்னேன்ல!” என்று துண்டை உதறித் தோளில் போட்டார். அம்மா சமைத்துக்கொண்டே கேட்டார்:

“சாம்பப் போடாத பாட்டிலும் பாதி செத்துச்சுங்கிற. அதக் கொன்னது யாரு?”

எட்டாம் வகுப்போடு நின்ற அம்மா கேட்ட கேள்விக்கு, டிப்ளமோ மூன்றாமாண்டு படிக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. ராத்திரி தூக்கமும் வரவில்லை. காலையில் முதல் வேலையாக ரப்பரை எடுத்து அந்த முடிவை அழித்தேன்.

மூன்று வாசல்

பாக்டீரியா எங்கிருந்து வந்தது? அழுகிய பாட்டில்களைக் கொட்டிவிடாமல் எடுத்துவைத்து உற்றுப் பார்த்தோம். வருவதற்கு மூன்று வாசல்தான் உண்டு. எந்த வாசல் வழியாக வந்தது என்பதைப் பாட்டிலே சொல்லிவிடும்.

விதையைச் சுற்றி மட்டும் வளையம் கட்டினால் அது விதையோடு வந்தது. அகரின் மேற்பரப்பில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளி விழுந்தால் காற்று, கை, வாய் இவற்றிலிருந்து வந்தது. அகர் முழுக்கவே உள்ளுக்குள் கலங்கலாக இருந்தால் அகரிலோ, அதில் கலந்த தண்ணீரிலோ முன்பே இருந்தது. இன்னொன்று: வழவழப்பும் பால்நிறமும் பெரும்பாலும் பாக்டீரியா, பஞ்சு மாதிரி நூல்நூலாகப் படர்ந்தால் பூஞ்சை.

சாம்பல் பாட்டில்கள் எல்லாம் உள்ளுக்குள்ளும் கலங்கியிருந்தன. மற்றவற்றில் விதையைச் சுற்றி மட்டுமே வளையம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. சாக்கடை ஓரத்துச் சாம்பல் தண்ணீரை நாங்கள் கொதிக்க வைக்கவே இல்லை! வடிதாளில் வடிகட்டினால் கசடு நிற்கும், பாக்டீரியா நிற்குமா? அதைத் தடுக்க 0.22 மைக்ரான் துளையுள்ள சவ்வு வேண்டும். வடிதாளின் துளை அதற்குப் பல மடங்கு பெரியது. ஆகவே எங்கள் சாம்பல் பாட்டிலில் விதையைக் கொன்றது பட்டாசு மருந்தா, சாக்கடைப் பாக்டீரியாவா என்று சொல்லவே முடியாது. எங்கள் சோதனை ஒன்றையும் நிரூபிக்கவில்லை.

தாத்தா விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். “நாங்க பஞ்சு ஒட்டின வெதையச் சாணிப்பாலும் செம்மண்ணும் போட்டுப் பெரட்டித்தான் வெதைப்போம். ஒன்னும் அழுகாதேப்பா!” அவர் சொன்னதும் உண்மைதான். ஒரு பிடி கரிசல் மண்ணில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள். ஒன்றை ஒன்று தின்னும், ஒன்றுக்கொன்று போட்டி போடும், இருக்கிற சத்தைப் பங்கு வைக்கும். அதனால் எதுவும் தனியாக ஆட்டம் போட முடியாது. நாம் கொதிக்கவைத்துத் தரும் அகரோ ஆளே இல்லாத ஊர். சர்க்கரை, ஈரம், சூடு எல்லாம் தயாராக இருக்கிறது. முதலில் நுழைந்தவன் வைத்ததுதான் சட்டம். ஆகவே பாட்டிலில் அரைகுறைச் சுத்தம் உதவாது.

இரண்டாம் சுற்று

கல்லூரியில் எங்களுக்கு ஆட்டோகிளேவ் கிடையாது; லாமினார் ஃப்ளோவும் கிடையாது. கடிதம் கொடுத்தால் வரும் வருஷம் பார்க்கலாம் என்றார்கள். வரும் வருஷம் நாங்கள் இருக்கமாட்டோமே! வீட்டிலிருந்து குக்கரைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

வெறுமனே கொதிக்க வைத்தால் 100 டிகிரி. அதில் சாதாரண பாக்டீரியா சாகும். ஆனால் பேசிலஸ் போன்றவை கெட்டி ஓட்டுக்குள் வித்தாக ஒளிந்துகொண்டு, ஆறியதும் எழுந்துவிடும். குக்கருக்குள் அழுத்தம் ஏறும்போது நீராவி 121 டிகிரியைத் தொடும். அங்கே அந்த வித்தும் தப்பாது. முழு அழுத்தம் வந்தபின் தீயைக் குறைத்து 20 நிமிடம் வைத்தோம். விசிலை எண்ணவேண்டாம், கடிகாரத்தைப் பாருங்கள். பாட்டில் மூடியை இறுக்காமல் வைக்கவேண்டும். குக்கர் தானாக ஆறட்டும். அவசரப்பட்டு விசிலைத் தூக்கினால் உள்ளே அகர் பொங்கி மூடியெல்லாம் நனைந்துவிடும். இந்தத் தடவை சாம்பல் நீரையும் அகரோடு சேர்த்தே குக்கரில் வைத்தோம். சாம்பலில் நமக்கு வேண்டியது உப்புகள்தானே, அவை அந்தச் சூட்டுக்குப் பயப்படாது.

குக்கர்கூட இல்லாத நண்பர்களுக்கு ஒரு பழைய வழி. ஜான் டின்டால் 1877ல் சொன்னது: இன்று கொதிக்க வை, ஒரு நாள் சும்மா வை, ஒளிந்திருக்கும் வித்து விழித்து முளைக்கும், நாளை மறுபடி கொதிக்க வை, மூன்றாம் நாளும் ஒரு தடவை. விழித்தவை எல்லாம் செத்துவிடும். மூன்று நாள் பொறுமைதான் செலவு.

அகரில் சர்க்கரையை நிறுத்திவிட்டோம். முளைப்பதற்கு வேண்டிய சாப்பாடு விதையின் பருப்பிலேயே இருக்கிறது. திசு வளர்ப்பில் இலைத்துண்டை வளர்ப்பவர்கள் சர்க்கரை போடுவது வேறு கதை. நாம் போட்ட சர்க்கரையைத் தின்றது பாக்டீரியாதான். லிட்டருக்கு 8 கிராம் அகர், தண்ணீர், அவ்வளவு போதும்.

அடுத்து விதை. பருத்தி விதையின்மேல் ஒட்டியிருக்கும் பஞ்சு, பாக்டீரியாவுக்குப் போர்வை. வேளாண்மைத் துறையினர் விவசாயிகளுக்குச் சொல்லும் அமில விதைநேர்த்தியையே செய்தோம். ஒரு கிலோ விதைக்கு 100 மில்லி அடர் கந்தக அமிலம் என்பது கணக்கு. எங்கள் 50 கிராமுக்கு 5 மில்லி. பிளாஸ்டிக் வாளியில், கண்ணாடிக் குச்சியால் இரண்டு மூன்று நிமிடம் கிளறினால் பஞ்சு கரைந்து விதை காப்பிக்கொட்டை நிறத்துக்கு வரும். உடனே நிறையத் தண்ணீரில் பலமுறை அலசவேண்டும். மிதக்கும் விதை பொக்கு, எடுத்துப் போடு. இதை லேப் அண்ணன் பக்கத்தில் நின்று, கண்ணாடியும் கையுறையும் போடச்சொல்லிச் செய்யவைத்தார். அவர் இல்லாமல் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள்.

பிறகு பிளீச்சிங் பவுடர். 100 மில்லி தண்ணீரில் 10 கிராம் கலக்கி, தெளிந்த நீரை மட்டும் எடுத்தோம். அதில் ஒரு சொட்டு சோப்பு எண்ணெய். ஏன் தெரியுமா? சோப்பு இல்லாவிட்டால் விதையின் மடிப்பில் காற்றுக்குமிழி ஒட்டிக்கொள்ளும். அதற்குள் மருந்து போகாது. பத்து நிமிடம் குலுக்கிவிட்டு, குக்கரில் வைத்து எடுத்த தண்ணீரில் நாலு தடவை அலசினோம். இங்கேதான் பலரும் கோட்டை விடுவார்கள்: கடைசி அலசலுக்குக் குழாய்த் தண்ணீர் எடுத்தால் பட்ட பாடெல்லாம் வீண். இன்னொன்று, பவுடர் புதுப் பொட்டலமாக இருக்கட்டும். திறந்து மாசக்கணக்கில் கிடந்ததில் குளோரின் பறந்துபோய் வெறும் சுண்ணாம்புதான் மிஞ்சும். கக்கூஸ் கழுவும் ஆசிட்டோடு மட்டும் இதைச் சேர்த்துவிடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைத்துவிடும்.

கடைசி வாசல், காற்று. பழைய கண்ணாடித் தொட்டி ஒன்றைக் கவிழ்த்துப் பெட்டியாக்கி, முன்பக்கம் கை நுழையும் அளவுக்குப் பாலித்தீன் திரை கட்டினோம். உள்பக்கம் எல்லாம் 70 சதவீத ஆல்கஹால் துடைத்தோம். ஃபேனை நிறுத்தினோம், ஜன்னலைச் சாத்தினோம், வாயைத் துணியால் கட்டினோம், பேச்சை நிறுத்தினோம். காற்று அசையாமல் இருந்தால் அதிலுள்ள தூசி கீழே படிந்துவிடும். அவ்வளவுதான் அந்தப் பெட்டியின் ரகசியம்.

இதில் ஆபத்தான இடம் ஒன்று உண்டு. ஆல்கஹால் துடைத்த ஈரக் கையோடு ஸ்பிரிட் விளக்குப் பக்கம் போனால் கை பற்றிக்கொள்ளும். மூடிய பெட்டிக்குள் ஆல்கஹால் ஆவி இருக்கும்போது விளக்கு ஏற்றவே கூடாது. நாங்கள் விளக்கை உள்ளே வைக்கவில்லை. இடுக்கிகளையும் குக்கரிலேயே வைத்து எடுத்துக்கொண்டோம். எங்கள் ஊர்க்காரனுக்குத் தீயைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டாம்.

விதை வைக்கும் முன் பாட்டில்களை நாலு நாள் சும்மா வைத்துப் பார்த்தோம். இரண்டு பாட்டில் கலங்கியது, ஒதுக்கிவிட்டோம். மற்றவை பளிச்சென்று இருந்தன. இனிமேல் கெட்டால் குற்றவாளி அகர் அல்ல என்று தெரிந்துவிட்டது அல்லவா?

அம்மாவின் ஆபீஸ் பாடம்

இந்த ஒழுங்கையெல்லாம் நான் புத்தகத்தில் மட்டும் படித்தேன் என்று சொன்னால் பொய். பாதி அம்மாவிடம் கற்றது.

பட்டாசு ஆபீஸில் மருந்து அறைக்குள் நுழையுமுன் செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பிலுள்ள மின்னை இறக்கவேண்டும். நைலான் சேலை கூடாது, பருத்தி உடைதான். இரும்புச் சாமான் கூடாது. ஒரு அறையில் நாலு பேருக்குமேல் கூடாது. மருந்துக் கலவை வேலையை வெயில் ஏறுமுன் முடிக்கவேண்டும். செய்து முடித்ததை உடனுக்குடன் அப்புறப்படுத்தவேண்டும். இந்த விதிகள் எல்லாம் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொறிக்காக எழுதப்பட்டவை. நம் லேப் விதிகள் கண்ணுக்குத் தெரியாத ஒரு உயிருக்காக எழுதப்பட்டவை. இரண்டிலும் ‘இந்த ஒரு தடவை பரவாயில்ல’ என்பதுதான் எமன்.

2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டியில் நடந்ததை நம் மாவட்டத்தில் யாரும் மறக்கமுடியாது. முப்பத்தைந்து பேருக்கு மேல் கருகினார்கள். ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் ‘விதி’ என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. விதி என்றால் இரண்டு அர்த்தம். தலைவிதி ஒன்று, சட்டவிதி ஒன்று. சட்டவிதியை மீறிவிட்டுத் தலைவிதியைக் குறை சொல்வது நம் பழக்கம்! ஒரு விதை அழுகுவதும் மனித உயிர் போவதும் ஒன்றல்ல, நான் ஒப்பிடவில்லை. பாட்டில் கெட்டால் பாட்டில்தான் போகும். ஆனால் இரண்டும் பிறக்கும் மனசு ஒன்றுதான். நாளைக்கு நம்மில் பலர் இதே ஊர்களில் சூப்பர்வைசராகவும் போர்மேனாகவும் போய் நிற்கப்போகிறோம். பாட்டில் மட்டுமே கெடக்கூடிய இந்த லேபில் ஒழுங்கு பழகாதவன், ஆள் சாகக்கூடிய இடத்தில் போய்ப் பழகுவானா?

குறுக்கு வழிகள் வேண்டாம்

பக்கத்து லேபில் சிலர் சொன்ன குறுக்கு வழிகளைப் பற்றியும் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, மெர்குரிக் குளோரைடு. 0.1 சதவீதக் கரைசலில் விதையை முக்கினால் கிருமி ஒழிந்துவிடும் என்பது உண்மை. பல ஆய்வகங்களில் பழக்கமும் உண்டு. ஆனால் கழுவிய தண்ணீர் எங்கே போகிறது? சிங்க்கில் ஊற்றினால் சாக்கடைக்கு, சாக்கடையிலிருந்து கண்மாய்க்கு. பாதரசம் அழியாது, நீர்நிலையில் இன்னும் கொடிய வடிவம் எடுத்து மீனில் சேரும். கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலை 2001ல் மூடப்பட்ட பிறகும், அந்தப் பாதரசத்தைப் பற்றிய வழக்கும் வாதமும் எத்தனை வருஷம் ஓடியது! மினமாட்டா உடன்படிக்கையில் இந்தியாவும் 2018ல் சேர்ந்துவிட்டது. சாம்பல் மண்ணைக் கெடுக்கிறதா என்று பார்க்கக் கிளம்பியவன், பாதரசத்தைக் கண்மாயில் விடலாமா?

இரண்டு, அகரில் ஆன்டிபயாட்டிக் போடுவது. மெடிக்கல் ஷாப்பில் கேப்சூல் வாங்கி உடைத்துப் போட்டால் போச்சு என்கிறார்கள். மரபணு ஆய்வில் அதற்கு அவசியமான இடம் உண்டு. தெரிந்தவர்கள் அளவோடு செய்கிறார்கள். நாம் அழுக்குக் கையை மறைக்க அதைப் போட்டால், மருந்துக்கு அசராத பாக்டீரியாவைத்தான் வளர்த்து வெளியே கொட்டுவோம். விதையும் சில மருந்துக்கு வாடும். அப்புறம் கொன்றது யார் என்ற கேள்வி மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

மூன்று, எல்லாவற்றிலும் மோசமானது: கெட்ட பாட்டிலை மறைப்பது. அதை நானே செய்யவிருந்தேன் என்பதால்தான் இவ்வளவு எழுதுகிறேன். நாங்கள் அன்று எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ‘பட்டாசுச் சாம்பல் விதையைக் கொல்லும், மாணவர்கள் கண்டுபிடிப்பு’ என்று யாராவது தூக்கிப் பிடித்திருப்பார்கள். இல்லை, மறுபடி செய்து பார்த்து எங்களைப் பொய்யர்கள் என்று நிரூபித்துவிட்டு, ‘பட்டாசால் ஒரு கெடுதலும் இல்லை’ என்று எதிர்க்கட்சி கட்டியிருப்பார்கள். இரண்டுமே எங்கள் ஊருக்கு நல்லதல்ல. பேரியம் உப்புகளை உச்சநீதிமன்றம் 2018ல் தடுத்த பிறகு, எங்கள் பக்கம் ஒவ்வொரு வீட்டுச் சோறும் இந்த மாதிரி அறிக்கைகளோடு கட்டப்பட்டிருக்கிறது. காடும் எங்களுடையது, ஆபீஸும் எங்களுடையது. எங்களுக்கு வேண்டியது உண்மை.

பாட்டில் சொன்ன தீர்ப்பு

இரண்டாம் சுற்றில் சாம்பல் போடாத இருபதில் மூன்று கெட்டது. சாம்பல் போட்ட இருபதில் இரண்டு கெட்டது. அந்த ஐந்தையும் எந்த நாளில், எந்த இடத்தில் கெட்டது என்று ரெக்கார்டில் தனிப் பக்கமாக எழுதினோம். மிச்சத்தில் விதை இரண்டு பக்கமும் முளைத்தது. சாம்பல் நீர் கெட்டியாகப் போட்ட பாட்டில்களில் வேர் குட்டையாக இருந்தது; ஆனால் விதை சாகவில்லை. நாற்பது பாட்டிலை வைத்துக்கொண்டு இதற்குமேல் பேசுவது தப்பு. காட்டு மண்ணில் என்ன நடக்கும் என்பதற்கு இது பதில் ஆகாது. அப்படியே எழுதிக் கொடுத்தோம்.

வைவாவில் ஒரு கேள்வி வந்தது: “ஐந்து பாட்டில் கெட்டுப்போனதாக நீங்களே எழுதியிருக்கிறீர்களே, அது குறை இல்லையா?” “குறைதான் சார். ஆனால் எங்கே குறை என்று தெரிகிறது சார்” என்றேன். மார்க் எவ்வளவு என்று இங்கே சொல்லமாட்டேன். குறைவில்லை!

வீட்டில் தீர்ப்புச் சொன்னேன். “வேரு கட்டைதான?” என்றார் தாத்தா. “சாகலைல்ல?” என்றார் அம்மா. சண்டை தீரவில்லை. ஆனால் இந்தத் தடவை இரண்டு பேர் சொன்னதும் உண்மை.

முடிக்கும் முன் நம் பேரவைக்கு மூன்று வேண்டுகோள். புராஜெக்ட் லேபுக்கென்று பெரிய குக்கர் ஒன்றும், கண்ணாடிப் பெட்டி ஒன்றும் பேரவை நிதியில் வாங்கி வையுங்கள். ஒரு ஆண்டுவிழா மேடை அலங்காரச் செலவில் பாதிகூட ஆகாது. ஒவ்வொரு புராஜெக்ட் ரெக்கார்டிலும் ‘தோற்ற முயற்சிகள்’ என்று ஒரு பக்கம் கட்டாயம் என்று துறையிடம் பேசுங்கள். மூன்றாவது, அடுத்த செட் தம்பி தங்கைகளுக்கு நம் கெட்ட பாட்டில்களின் கதையைச் சொல்லிக்கொடுங்கள். நல்ல பாட்டில் கதையை நோட்டீஸ் போர்டே சொல்லிவிடும்.

தம்பிகளே, தங்கைகளே! உங்கள் பாட்டில் கெட்டால் கொட்டிவிடாதீர்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, எந்த வாசல் வழியாக வந்தது என்று பாருங்கள். அது விதையின் வாசலாக இருக்கலாம், தண்ணீரின் வாசலாக இருக்கலாம். பெரும்பாலும் நம் கையின் வாசலாகத்தான் இருக்கும்.